மூன்றாவது பந்து

செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு, விளையாட்டு மண்டபத்தின் பின்புறமுள்ள புல்வெளியில், ஒரு வாளி நிறையப் பந்துகளோடு நான் நிற்பது வழக்கம். பேஸ்போல் ஆடும் எங்கள் அணிக்குப் பயிற்சி வேளையில் பந்து எறிந்து கொடுப்பது என்னுடைய பொறுப்பு. அந்த அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. தோல்விக்கு நானே காரணம் என்பதைக் கண்டுபிடிக்க ஒன்றரைக் கோடைகாலம் எடுத்தது.

டென்மார்க்கின் பிராண்டே என்ற ஊரிலும் அதன் அயலிலும் தொழிற்சாலை வேலை செய்பவர்களே அணியில் பெரும்பாலோர். தமிழர் ஐவர், ஏனையோர் டேனியர். முப்பது வயதுக்குக் குறைந்தவர் எவரும் இல்லை. நான் காற்றாலைச் சிறகுகள் செய்யும் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் உழைத்து, முதுகு ஒத்துழைக்க மறுத்தபின் ஓய்வு பெற்றவன். என்னை அந்தத் திடலுக்கு அழைத்து வந்தவர், அதே ஆலையில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவர். அவருக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. என்னை அண்ணை என்று அழைப்பார். அவருடைய உண்மையான அண்ணன் என் நண்பன். அவன் இறந்துவிட்டான் என்று எழுதுவதற்கு எனக்கு எந்தச் சான்றும் கிடையாது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிற்பகலில் அவன் வீடு திரும்பவில்லை. அதன் பிறகும் திரும்பவில்லை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். பந்து எறிபவன் எதிரணியைச் சேர்ந்தவன். மட்டை பிடித்து நிற்பவனை ஏமாற்றுவதே அவனுடைய தொழில். முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, தரையில் பதித்த தட்டுக்கு நேர்மேலாக வரும் பந்தை அடிக்க வேண்டும். அதற்கு வெளியே போகும் பந்தை அடிக்காமல் விட்டுவிடலாம். அப்படி நான்கு பந்துகள் வெளியே போனால், மட்டை பிடித்தவன் ஓடவும் வேண்டாம், முதலாவது தரிப்பிடத்துக்கு நடந்தே போகலாம். மூன்று முறை வீசித் தவறினால் வெளியேற வேண்டும். ஆகவே எதை அடிப்பது என்பதைவிட, எதை அடிக்காமல் விடுவது என்பதே இதில் பெரிய கலை.

எங்கள் ஆட்கள் எதையும் விடமாட்டார்கள். முதற்பந்து காதுக்கு நேரே வந்தாலும் வீசுவார்கள். காலடியில் விழுந்தாலும் குனிந்து வீசுவார்கள். எதிரணியின் எறிபவர்கள் இதை விரைவில் கண்டுகொண்டார்கள். எங்களுக்கு நல்ல பந்து போட வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை. ஹெர்னிங்கில் நடந்த ஒரு போட்டியில் எங்கள் ஆட்கள் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, கொண்டுவந்த கோப்பி ஆறுவதற்குள் வெளியேறினார்கள். திரும்பி வரும் வழியில் எங்கள் அணியிலுள்ள டேனியத் தச்சர், நாங்கள் நல்ல விருந்தாளிகள், எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை என்றார். எல்லோரும் சிரித்தோம். அந்த வாரமே இருவர் அணியை விட்டு விலகினார்கள். இன்னும் இருவர் விலகினால் ஆட்டத்துக்கு வேண்டிய ஒன்பது பேர் சேரமாட்டார்கள். அதன்பின் அணியும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை.

எங்கள் பயிற்றுநர் உள்ளூர்ப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் டேனியப் பெண்மணி. அதிகம் பேசாதவர். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வலைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியொன்றைப் போட்டு அமர்ந்து, பயிற்சி முழுவதையும் கொப்பியில் குறித்தார். முடிந்ததும் என்னை அழைத்து, ஒவ்வொருவரும் மட்டையுடன் வந்து நிற்கும்போது அவர்களிடம் நீர் என்ன கேட்கிறீர் என்று வினவினார்.

நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. “எங்கை வேணும்?”

அது எங்கள் ஊரில் எல்லே விளையாடிய காலத்துப் பழக்கம். எல்லேயும் தடியால் பந்தை அடித்து ஓடுகின்ற ஆட்டமே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடே இந்த வரலாறு முழுவதற்கும் வேர். எல்லேயில் பந்து போடுபவன் அடிப்பவனுடைய சொந்த அணியைச் சேர்ந்தவன். அவன் பகைவன் அல்லன். அடிப்பவனுக்கு எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் வேண்டுமோ, அங்கே பந்தைக் கொண்டுபோய் வைப்பவன். மூன்று பந்துகள் கிடைக்கும்; மூன்றையும் நம்பி அடிக்கலாம். நான் எங்கள் கழகத்தின் பந்து போடுபவன். என் நண்பன் அடிப்பவன்.

பிராண்டேயின் புல்வெளியிலும் நான் அவ்வாறே கேட்டேன். அவர்களும் அவ்வாறே பதில் சொன்னார்கள். முதலில் பதில் சொன்னவர் நண்பனின் தம்பிதான். குதிக்காலில் மட்டையை இரண்டு தரம் தட்டிவிட்டு, “இடுப்புக்குத் தாங்கோ, அண்ணை” என்றார். தமையனும் அப்படித்தான் தட்டுவான்; அப்படித்தான் கேட்பான். தாம் தமையனைப் போல நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பின்னர் டேனியர்களும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். தச்சர் “இடுப்பு!” என்று கத்துவார், அணியிலுள்ள தபால்காரர் அதைவிடச் சத்தமாகக் கத்துவார். நான் எல்லோருக்கும் இடுப்புயரத்தில் பந்து போட்டேன். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கோ, ஒவ்வொரு செவ்வாயும் கையை உயர்த்தும்போது, அந்தச் சொல்லின் அடியில் வேறொரு குரல் கேட்டது. அது டென்மார்க்கில் இல்லாத குரல்.

பயிற்றுநர் தமது கொப்பியை மூடிவிட்டுச் சொன்னதன் சாரம் இது: உம்முடைய பந்துகளில் ஒன்றுகூடத் தவறாக வரவில்லை. இவர்களுக்குப் பந்தை நம்பப் பழக்கிவிட்டீர். அடுத்த வாரம் முதல் நல்ல பந்துகளுக்கிடையே கெட்ட பந்துகளையும் கலந்து போட வேண்டும். எதுவும் கேட்கக் கூடாது. அவர்கள் ஏமாற வேண்டும். ஏமாறித்தான் விடப் பழகுவார்கள்.

தோள் நோகிறது என்று கூறி நான் மறுத்தேன். அது பொய். அவர் என் தோளை ஒருமுறை பார்த்தார். பின்பு, உம்மைத் தவிர இதற்கு வேறு ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நாற்காலியை மடித்துக்கொண்டு போனார்.

நான் மறுத்ததன் பின்னாலிருந்த காரணத்தை அதுவரை முப்பத்தைந்து ஆண்டுகளாக எவரிடமும் கூறியிருக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அது சித்திரை மாதத்தில், இரண்டு கழகங்களுக்கிடையே நடந்த போட்டி. தொடங்குவதற்குச் சற்று முன்பு, சோடாப் போத்தலைக் கையில் வைத்தபடி என் நண்பன் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பகிடி விட்டான். “தடி பிடிக்கத் தெரியாதவனைத்தானேடா பந்து போட விடுறது” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதைவிடக் கடுமையான பகிடிகளை அவன் முன்பும் விட்டதுண்டு, நானும் விட்டதுண்டு. அன்றைக்கு மட்டும் அது ஏன் உள்ளே இறங்கியது என்பதை இன்றுவரை என்னால் ஆராய்ந்து முடிக்க இயலவில்லை.

அவன் அடிக்க வந்தான். குதிக்காலில் தடியை இரண்டு தரம் தட்டினான். “மச்சான், இடுப்புக்கு” என்றான். நான் நெஞ்சுக்கு மேலே போட்டேன். நம்பி வீசினான், தவறியது. என் கை வழுக்கியது என்று எண்ணியிருப்பான். இரண்டாவதை முழங்காலுக்குக் கீழே போட்டேன். அதுவும் தவறியது. அப்போது அவன் என்னைப் பார்த்தான். கோபப் பார்வை அன்று. கண்ணாடி போடாத ஒருவர் சிறிய எழுத்தை வாசிக்க முயல்வது போல என் முகத்தைப் பார்த்தான். மூன்றாவதை அவனுடைய தடி எட்டாத தூரத்தில் போட்டேன். அதற்கும் வீசினான்.

அவன் தடியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டம் முடிவதற்குக் காத்திராமல் போய்விட்டான். வழக்கமாக நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையால் வீடு திரும்புவோம். சைக்கிள் என்னுடையது. அன்று அவன் தனியாக, நடந்து, பெருந்தெரு வழியே போனான். சந்தியில் இராணுவச் சுற்றிவளைப்பு; இளைஞர்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குமேல் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

மறுநாள் அவனுடைய தாயார் என்னிடம் கேட்டார். “நீ கூட வரேல்லையோ, ராசா?”

“அவன் முந்திப் போயிட்டான், அம்மா” என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதனால்தான் அந்த வாக்கியத்தை என்னால் எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை.

பயிற்றுநருக்கு மறுப்புச் சொன்ன அந்த வாரத்தின் ஞாயிறன்று கிரின்ஸ்டெட்டில் ஒரு போட்டி. அதை விரித்துரைப்பது அணிக்கு மரியாதை ஆகாது. நண்பனின் தம்பிதான் எங்கள் அணியில் முதலாவதாக அடிப்பவர். மூன்று முறை உள்ளே போனார். மூன்று முறையும், பக்கத்தில் எங்கோ போன பந்துகளுக்கு வீசி வெளியேறினார். மூன்றாம் முறை திரும்பி வரும்போது, எறிபவனை ஒரு கணம் நின்று பார்த்தார். யூன் மாதத்து வெயில். நான் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவரை வீட்டில் இறக்கிவிடுவது என் வழக்கம்; எங்கள் இரு வீடுகளும் ஒரே பாதையில் இருக்கின்றன. அன்று காரில் அவர், அடுத்த வருடம் இந்த அணி இராது, அதைப் பற்றித் தமக்குக் கவலையும் இல்லை, செவ்வாய்க்கிழமைகளில் அண்ணையோடு கதைத்துக்கொண்டு போய்வருவது நின்றுவிடும் என்பதுதான் மனவருத்தம் என்றார். தாயகத்தில் தமக்கென்று எவரும் மிஞ்சவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தமையனை நினைவில் வைத்திருக்கும் மனிதர்கள் உலகில் இருவர். இருவரும் அந்தக் காரில் இருந்தோம்.

அவருடைய வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். சொல்லாமல் அவருக்கு ஒரு கெட்ட பந்தும் போட என் கை வராது; போடாவிட்டால் அணி போகும். சொன்னால் அவர் போவார். எஞ்சினை அணைத்தேன்.

“தம்பி, உமக்கு ஒண்டு சொல்ல வேணும்” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சோடாப் போத்தலிலிருந்து சைக்கிள் வரை. எழுதுவதுபோல் ஒழுங்காகச் சொல்லவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவர் இருக்கைப் பட்டியைக் கழற்றாமல், முன் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மதில்போல் வளர்ந்த தமது லிகுஸ்டர் செடி வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. நான் முடித்ததும் அவர் பட்டியைக் கழற்றினார், இறங்கினார், கதவை மிக மெதுவாகச் சாத்தினார். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்கு உறக்கம் வந்திருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் தமது காரிலேயே வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஏனையோருக்கும் அதே தலையசைப்புத்தான் கிடைத்தது. நான் பயிற்றுநரிடம் போய், இன்று நீர் சொன்னபடி போடுகிறேன் என்றேன். அவர் தோளைப் பற்றி விசாரிக்கவில்லை.

தச்சர் முதலில் வந்து “இடுப்பு!” என்றார். நான் பதில் பேசாமல் அவருடைய கணுக்காலுக்குப் போட்டேன். அவர் வீசி, நிலைதடுமாறி, புல்லில் அமர்ந்தார். என்னப்பா, நான் என்ன பிழை செய்தேன் என்று அமர்ந்தவாறே கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இரண்டாவதாக வந்த தபால்காரர் நான்கு கெட்ட பந்துகளில் மூன்றுக்கு வீசினார். நான்காவதை விட்டார், விட்டுவிட்டு, தாம் செய்தது சரியா என்று பயிற்றுநரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கொப்பியிலிருந்து தலையை உயர்த்தாமல் கட்டைவிரலை மட்டும் காட்டினார். அந்த அணியின் முதலாவது முன்னேற்றம் அதுதான். ஒரு மனிதர் ஒன்றும் செய்யாமல் நின்றார்.

பின்பு நண்பனின் தம்பி வந்தார். குதிக்காலில் மட்டையை இரண்டு தரம் தட்டினார். எங்கே வேண்டும் என்று சொல்லவில்லை.

என் கையில் பந்து இருந்தது. அந்தக் கணத்தில் அவர் நாற்பத்தொன்பது வயதுடையவராக எனக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பின்னாலிருந்த வலையும் மரங்களும் தோன்றவில்லை. நான் நெஞ்சுக்கு மேலே போட்டேன். அவர் அசையவில்லை, பந்து வலையில் மோதி விழுந்தது. முழங்காலுக்குக் கீழே போட்டேன். விட்டார். இந்த வரிசையை நான் திட்டமிட்டேனோ என்று எவரேனும் கேட்டால், இல்லை என்றே சொல்வேன், கைதான் அறிந்திருந்தது. மூன்றாவதை வெளியே, மட்டை எட்டாத தூரத்தில் போட்டேன்.

அதற்கு அவர் வீசினார். முழுப் பலத்துடன் வீசினார். காற்றைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை.

அவர் மட்டையைத் தரையில் வைத்துவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தார். மிக அருகில் வந்து நின்றார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

“மூண்டாவது சரியா வருமெண்டு நினைச்சன், அண்ணை.”

நான் குனிந்து வாளியிலிருந்து ஒரு பந்தை எடுத்தேன்.

“முதல் ரெண்டும் வேணுமெண்டு போட்டதெண்டு விளங்கிட்டுது. ஆனா மூண்டாவதைச் சரியாப் போடுவியள் எண்டு நினைச்சன். அண்ணாவும் அப்பிடித்தான் நினைச்சிருப்பார், என்ன?”

அது கேள்வியா, தீர்ப்பா, ஆறுதலா என்பதை அவருடைய முகத்திலிருந்து என்னால் அறிய முடியவில்லை. இத்தனை ஆண்டுகளும் நான் மூன்று பந்துகளையும் ஒரே குற்றமாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். நண்பன் என்னை அறியாமல் ஏமாந்தான் என்பதே என் கணிப்பு. இரண்டாவதன் பின்பு அவன் என் முகத்தில் எதை வாசித்தான் என்பதை நான் சிந்தித்ததே இல்லை. வாசித்துவிட்டே மூன்றாவதற்கு வீசினான் என்றால், அவன் எனக்கு ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறான். பந்து அவனிடம் போனது. வாய்ப்பு என்னிடம் வந்தது. நான் அதை எட்டாத தூரத்தில் எறிந்தேன்.

“ஓம்” என்றேன்.

“இனி நான் விடுவன்” என்றார். “நீங்கள் போடுங்கோ. பிழையாவே போடுங்கோ.” திரும்பி நடந்து, மட்டையை எடுத்தார். அதன்பின் நான் போட்ட கெட்ட பந்துகளில் ஒன்றுக்கும் அவர் வீசவில்லை. நல்லதொன்று நடுவே வந்தபோது, அது பலமாக அடிபட்டு, மண்டபத்தின் கூரைத் தகரத்தில் விழுந்து உருண்டது.

அதன் பிறகு அணியில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்வேன். யூலை மாதத்தில் நாங்கள் தோற்றோம். ஆனால் வேறு விதமாகத் தோற்றோம். எங்கள் ஆட்கள் மட்டையுடன் நெடுநேரம் நின்றார்கள். முன்பு சிரித்துக்கொண்டு எறிந்த எதிரணியினர், இப்போது இடையிடையே கையைக் காற்சட்டையில் துடைத்தார்கள். களைத்த கையிலிருந்து ஆட்டத்தின் பிற்பகுதியில் நல்ல பந்துகள் தாமாகவே வந்தன. அவற்றை எங்களுடையவர்கள் அடித்தார்கள். தச்சர் பந்தை விடுவதையே ஒரு பெருமையாக்கிக்கொண்டு, விட்ட பந்தைக் கண்ணால் வலைவரை வழியனுப்பி வைத்தார். விலகிப் போன இருவரில் ஒருவர் மழைச்சட்டையுடன் வேடிக்கை பார்க்க வந்து, அடுத்த வாரம் காலணியுடன் வந்தார். பயிற்றுநர் தமது கொப்பியின் ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினார். எனக்கு அந்தக் குறியீடுகள் விளங்கவில்லை; அவர் புன்னகைத்தது விளங்கியது.

ஓகஸ்ட் மாதத்தின் கடைசிப் போட்டி எங்கள் திடலிலேயே நடந்தது, கிரின்ஸ்டெட் அணியுடன். தூறலும் காற்றுமான நாள். இறுதி வேளையில் இரு அணிகளும் சமமாக நின்றன; எங்கள் ஆட்கள் மூன்று தரிப்பிடங்களிலும் நின்றார்கள். இன்னுமொருவர் முதலாவது தரிப்பிடத்துக்குப் போனால், எல்லோரும் ஓரிடம் முன்னேற, மூன்றாவதில் நிற்பவர் தட்டை அடைந்து ஓர் ஓட்டம் சேர, வெற்றி எங்களுக்கு. அடிக்க வந்தவர் நண்பனின் தம்பி.

மூன்று பந்துகள் வெளியே போயின, மூன்றையும் விட்டார். இடையில் இரண்டு நல்ல பந்துகளைத் தவறவிட்டிருந்தார். ஆகவே மீதியிருந்தது ஒரே ஒரு பந்து. நான் திடலோர வாங்குப் பலகையில், காலிக் கோப்பிக் குவளையை இரு கைகளாலும் பிடித்தபடி இருந்தேன். எறிபவன் கையை உயர்த்தினான். பந்து நல்ல பந்துபோலவே புறப்பட்டு, கடைசி நேரத்தில் வெளிப்பக்கமாக விலகியது. ஏறக்குறைய மட்டை எட்டாத தூரம்.

அவருடைய தோள் அசைந்தது. மட்டை அசையவில்லை.

நடுவர் முதலாவது தரிப்பிடத்தைக் கைகாட்டினார். நண்பனின் தம்பி ஓடவில்லை; ஓடத் தேவையில்லை என்பதே விதி. மட்டையைப் புல்லில் மெதுவாக வைத்துவிட்டு, தூறலில் நடந்து போனார். எல்லோரும் எழுந்து கத்தினார்கள். தச்சர் என் முதுகில் அடித்தார். நான் நடந்துபோகும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடியைக் கீழே வைத்துவிட்டுத் தனியாக நடந்துபோகும் ஒரு முதுகை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். இது முதலாவது தரிப்பிடத்தில் நின்றது, திரும்பியது, என்னை நோக்கிக் கையுயர்த்தியது.

அன்று அவர் என் காரில் வந்தார். தமது காரைத் திடலிலேயே விட்டுவிட்டு, நாளை எடுக்கிறேன் என்று சொல்லி ஏறினார். வழியில் வென்றதைப் பற்றிக் கதைத்தோம். தமையனைப் பற்றி இருவரும் எதுவும் கதைக்கவில்லை. வாசலில் இறங்கியபோது, “செவ்வாய்க்கிழமை வாறன், அண்ணை” என்றார். கதவைச் சாதாரணமாக, எல்லோரையும் போலச் சாத்தினார்.

இந்த ஆண்டும் அணி இருக்கிறது. நானும் வாளியுடன் நிற்கிறேன். எவரிடமும் எதுவும் கேட்பதில்லை. எவரும் இடுப்பு என்று கத்துவதில்லை. கையை உயர்த்தும்போது முன்பு கேட்ட அந்தக் குரல், தம்பியிடம் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து கேட்கவில்லை. அதை ஒரு விடுதலை என்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளில் என் நண்பன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு பந்தை மாத்திரமே. இப்போது பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின், வாளியில் மிஞ்சிய பந்தொன்றை எடுத்து, எவரும் நிற்காத தட்டுக்கு நேர்மேலே, இடுப்புயரத்தில் எறிகிறேன். அது வலையில் மோதி விழுகிறது. நான் போய் எடுத்து வருகிறேன்.